ஓட முடியாதவளின் துணிச்சல்: அடிமை முறையும் கொள்ளைநோயும் சேர்ந்த வரலாற்றுக் கதை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

அடிமை முறையும் கொள்ளைநோயும் சேர்ந்த ஒரு வரலாற்றுக் கதை எழுதப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான். உங்கள் கதாநாயகியால் அந்த ஊரை விட்டு ஓட முடியுமா, முடியாதா? காய்ச்சல் வந்தால் வசதியுள்ளவன் வண்டி கட்டுவான், ஏழை நடந்து போவான். தன் உடம்பே இன்னொருவன் சொத்து என்று எழுதி வைக்கப்பட்டவள் என்ன செய்வாள்? துணிச்சல், கருணை எல்லாம் இந்தக் கேள்விக்கு அப்புறம்தான் வரும்.

நானும் இதைச் சூடுபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் முயற்சியில், எஜமானின் மகளைக் கண்ணீரோடு கவனித்துக்கொள்ளும் ஓர் அடிமைச் சிறுமியைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினேன். படித்த நண்பர், “இந்தப் பிள்ளைக்குன்னு ஏதாவது வேணுமா, இல்லை அந்த வீட்டுக்குப் போர்வை மாத்தவே பிறந்தவளா?” என்று கேட்டார். நாற்பது பக்கமும் குப்பைக்குப் போனது. அடுத்து எழுதியது நின்றது. அதற்கு நான் போன வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரே ஊர், ஒரே வருடம்

“பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கா” என்று பொதுவாக ஆரம்பிக்காதீர்கள். ஊர், வருடம் இரண்டையும் பூட்டிவிடுங்கள். நான் எடுத்துக்கொண்டது பிலடெல்பியா, 1793. அன்று அதுதான் அமெரிக்காவின் தலைநகரம். சுற்றுப்புறத்தையும் சேர்த்துச் சுமார் 50,000 பேர். ஆகஸ்ட் மாதம் ஆற்றங்கரைத் தெரு ஒன்றில் மஞ்சள் காய்ச்சல் தொடங்கியது. நவம்பரில் பனி விழுவதற்குள் சுமார் 5,000 பேர் செத்துப்போனார்கள். 17,000 பேருக்கு மேல் ஊரைக் காலி செய்தார்கள். ஜனாதிபதி வாஷிங்டன் செப்டம்பர் 10 அன்று கிளம்பிவிட்டார். மேயர் மேத்யூ கிளார்க்சன் கடைசிவரை ஊரிலேயே இருந்தார். பால்டிமோர், நியூயார்க் போன்ற ஊர்கள் பிலடெல்பியாக்காரர்களை உள்ளே விடாமல் காவல் போட்டன.

எண்களை அப்படியே கதைக்குள் கொட்ட வேண்டாம். பத்தில் ஒருவர் சாவு என்றால், நம் பாத்திரம் நடக்கும் தெருவில் எத்தனை கதவுகள் சாத்திக் கிடக்கும் என்று கணக்குப் பார்க்க மட்டும் அவை போதும்.

படி 2: பாத்திரத்தின் கையில் என்ன காகிதம்?

பெரும்பாலான கதைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். “அடிமை” என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிவிடுகிறார்கள். 1793 பிலடெல்பியாவில் அந்தச் சொல்லுக்குள் நாலைந்து நிலைகள் இருந்தன.

பென்சில்வேனியா 1780 மார்ச் 1 அன்று ‘படிப்படியான’ அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. வினையெல்லாம் அந்தப் ‘படிப்படியான’ என்ற சொல்லில்தான். அந்தத் தேதிக்கு முன்பே அடிமையாக இருந்து, எஜமான் முறைப்படி பதிவும் செய்திருந்தால், விடுவிக்காதவரை ஆயுளுக்கும் அடிமை. தேதிக்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தை ஆயுள் அடிமை அல்ல. ஆனால் 28 வயதுவரை அந்த வீட்டுக்கு ஊழியம் செய்ய வேண்டும். எஜமான் 1780 நவம்பர் 1-க்குள் பதிவு செய்யத் தவறியிருந்தால், அந்த ஆளுக்கு விடுதலை.

இதை ஒரு குடும்பத்தின் மேல் வைத்துப் பாருங்கள். என் பாத்திரத்துக்கு டைனா என்று பெயர் வைத்தேன், வயது 33. மகன் 1779-ல் பிறந்தவன், மகள் 1782-ல். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் மகன் ஆயுளுக்கும் அடிமை, மகளுக்கு 1810-ல் விடுதலை. சாப்பிட உட்கார்ந்தால் இந்த வித்தியாசமும் கூடவே உட்காரும். அந்த அம்மா யாருக்கு முதலில் சோறு போடுவாள் என்று யோசித்த அன்றுதான் எனக்குக் கதை நகர ஆரம்பித்தது.

இன்னொரு வழியும் உண்டு. சான்-தொமிங், அதாவது இன்றைய ஹெய்ட்டியில், 1791-ல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1793 ஜூனில் காப் பிரான்சே நகரம் எரிந்தது. தப்பித்த பிரெஞ்சுக்காரர்கள் பலர் கப்பலேறிப் பிலடெல்பியா வந்தார்கள், சிலர் தங்கள் அடிமைகளையும் கூட்டிக்கொண்டு. வெளியிலிருந்து கொண்டுவந்த அடிமையை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் விடுதலை என்பது பென்சில்வேனியா சட்டம். ஆகஸ்டில் வந்திறங்கிய ஒரு பெண்ணுக்குப் பிப்ரவரி 1794 வரை உயிரோடு இருந்தாலே போதும். காய்ச்சலோ அதற்கு நடுவில் வந்து நிற்கிறது. அவள் தீவில் இந்த நோயைப் பார்த்தே வளர்ந்தவள். பிரெஞ்சுக்காரர்கள் அதைச் ‘சியாம் நோய்’ என்றும் சொல்வார்கள். சின்ன வயதில் வந்து பிழைத்திருந்தால் மறுபடி வராது. ஊரே நடுங்கும்போது இவள் ஒருத்திக்குப் பயமில்லை. ஆனால் அதை யாரிடம், எந்த மொழியில் சொல்வாள்?

அந்த ஊர்க் கறுப்பின மக்களில் சுதந்திரமானவர்கள்தான் அதிகம், அடிமைகள் குறைவு. சுதந்திரமானவள்தானே, ஓடட்டுமே என்று எழுதிவிடாதீர்கள். 1793 பிப்ரவரியில் வாஷிங்டன் கையெழுத்திட்ட தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின்படி, இவள் என் அடிமை என்று ஒருவன் நீதிபதி முன்னால் நிறுத்தினால் ஜூரி விசாரணை கிடையாது. ஊரைத் தாண்டிய சாலையில் தனியாக நடக்கும் கறுப்பினப் பெண்ணுக்குக் காய்ச்சலைவிட எதிரே வரும் குதிரைக்காரன் மேல்தான் பயம் இருக்கும்.

ஆகவே முதல் வரி எழுதுவதற்கு முன், பாத்திரத்தின் காகிதத்தை நீங்களே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பிறந்த வருடம், யார் பதிவு செய்தது, எப்போது விடுதலை, அந்தத் தாள் இப்போது யார் பெட்டியில் இருக்கிறது. சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள வந்த கிழவர் ஆளோலையோடு வந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஓர் ஓலை ஒரு மனிதனை என்ன செய்யும் என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

படி 3: நோய்க்கு ஒரு நாட்காட்டி

மஞ்சள் காய்ச்சல் நடப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கொசு கடித்து மூன்று முதல் ஆறு நாள் ஒன்றும் தெரியாது. அப்புறம் திடீர்க் காய்ச்சல், தலைவலி, இடுப்பு வலி, குளிர்; மூன்று நான்கு நாள். பிறகு காய்ச்சல் இறங்கிவிடும். பெரும்பாலோர் அதோடு எழுந்துவிடுவார்கள். சிலருக்கு ஒரு நாள் போல விட்டுத் திரும்ப வரும். இந்தச் சுற்றில் கண் மஞ்சளாகும், ஈறில் ரத்தம் கசியும், காப்பித்தூள் கலந்தது போலக் கறுப்பாக வாந்தி வரும்.

கதைக்காரனுக்குப் புதையல் அந்த இடைப்பட்ட ஒரு நாள்தான். நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கிறான். வீட்டார் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள். பத்து வீட்டில் இதைப் பார்த்த செவிலி மட்டும் எதுவும் பேசாமல் ஜன்னல் திரையை விலக்கி, வெளிச்சத்தில் அவன் கண்ணின் வெள்ளையைப் பார்க்கிறாள். அந்த ஒரு பார்வையை எழுதிவிட்டால் மூன்று பக்க மரண வர்ணனை மிச்சம்.

படி 4: உங்களுக்குத் தெரிந்ததைப் பாத்திரத்துக்குச் சொல்லாதீர்கள்

கொசுதான் காரணம் என்று கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே 1881-ல் சொன்னார். வால்டர் ரீட் குழு 1900-ல் நிரூபித்தது. 1793-ல் யாருக்கும் தெரியாது. துறைமுகத்தில் அழுகிக் கிடந்த காப்பிக்கொட்டையின் நாற்றம்தான் காரணம் என்றார் ஊரின் பெரிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ். மக்கள் வினிகரில் நனைத்த துணியை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். கழுத்தில் சூடப்பை, வாயில் பூண்டு, கையில் தார் பூசிய கயிறு. கை குலுக்குவது நின்றது. வீட்டோரம் நடக்கப் பயந்து நடுத்தெருவில் நடந்தார்கள். சாவு மணி ஓயாமல் அடித்ததில் நோயாளிகள் பயந்துபோக, மணியையே நிறுத்திவிட்டார்கள். மணி அடிக்காத ஊர் என்பதே ஓர் அத்தியாயத்துக்குப் போதும்.

இந்த அறியாமையை நையாண்டி செய்வது சுலபம், செய்யாதீர்கள். பதிலாகக் கொசுவைச் சும்மா பறக்கவிடுங்கள். அந்த ஆகஸ்டில் ஒரு பத்திரிகைக் கடிதம், மழைநீர்ப் பீப்பாய்களில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் கொசுத் தொல்லை குறையும் என்று யோசனை சொன்னது. காய்ச்சலைப் பற்றி அதில் பேச்சில்லை, வெறும் அரிப்புக்கு வைத்தியம்! டைனா கொல்லைப்புறப் பீப்பாயில் தண்ணீர் மொண்டு நோயாளியின் நெற்றிக்கு ஈரத்துணி போடுகிறாள். மொள்ளும்போது முழங்கையைச் சொறிகிறாள். அவ்வளவு போதும். வாசகருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

வைத்தியத்திலும் இதே கதைதான். பாதரசம் கலந்த பேதி மருந்து, கூடவே ரத்தம் எடுப்பது, இது ரஷ்ஷின் முறை. ஊருக்கு வெளியே புஷ் ஹில் மாளிகையை மருத்துவமனையாக மாற்றினார்கள். அங்கே ஸ்டீபன் ஜிரார்ட் என்ற வணிகரும் பீட்டர் ஹெல்ம் என்ற பீப்பாய் செய்பவரும் நிர்வாகத்தைக் கையில் எடுத்தார்கள். சான்-தொமிங்கிலிருந்து வந்த மருத்துவர் ழான் தெவேஸ், ஓய்வு, சுத்தம், மென்மையான மருந்து என்று நடத்தினார். ரஷ்ஷை வில்லனாக்க வேண்டாம். ஊரை விட்டு ஓடாமல் வீடு வீடாக அலைந்த மனிதர் அவர். அடிமை முறையை எதிர்த்து எழுதியவர், ஆனால் 1793-ல் அவர் வீட்டிலும் ஓர் அடிமை இருந்தார். இப்படி ஒரு மனிதர் கிடைக்கும்போது கற்பனை வில்லன் எதற்கு?

படி 5: துணிச்சலுக்கு ஒரு வாசல் வையுங்கள்

செப்டம்பர் தொடக்கத்தில் ரஷ் கறுப்பின மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். இந்தக் காய்ச்சல் உங்களுக்கு வராது, ஆகவே நோயாளிகளைக் கவனிக்க வாருங்கள் என்பது சாரம். அவர் நம்பித்தான் சொன்னார், ஆனால் தவறு. அந்த ஊரில் கறுப்பின மக்களின் சவ அடக்கம் 1792-ல் 67, 1793-ல் 305.

வேண்டுகோளை ஏற்றவர்கள் 1787-ல் தொடங்கிய சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தார். தலைவர்கள் அப்சலோம் ஜோன்ஸ், ரிச்சர்ட் ஆலன். இருவருமே அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர்கள். ஜோன்ஸ் பணம் சேர்த்து முதலில் தன் மனைவியைத்தான் விடுவித்தார். பிள்ளைகளின் நிலை தாயைப் பொறுத்தது என்பது சட்டம். பல வருடம் கழித்து 1784-ல்தான் தனக்கு விடுதலை. இப்படி வரிசைபோட்டுக் கணக்குப் பார்த்து வாழ்ந்த மனிதர், காய்ச்சல் வீட்டு வாசலில் நிற்கும்போது என்ன நினைத்திருப்பார்? முதல் நாள் அவர்கள் நுழைந்த வீட்டில் தாய் செத்துக் கிடந்தாள், தந்தை சாகக் கிடந்தார், துணைக்கு இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தவிர யாருமில்லை. அன்று மட்டும் இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்களைப் பார்த்தார்கள்.

துணிச்சல் காட்சி எழுத என் விதி ஒன்றே ஒன்று: போகாமல் இருக்கவும் அவளுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்க வேண்டும். “உனக்கு வராது” என்ற வாக்கை டைனா நம்பிப் போனால் அது கீழ்ப்படிதல். பக்கத்துச் சந்தில் தன்னைப் போன்ற ஒருத்தி செத்ததைப் பார்த்த பிறகும் போனால்தான் அது அவள் முடிவு. எஜமான் குடும்பம் வண்டி கட்டிப் போய்விட்டது, வீட்டைக் காக்க இவளை விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவிக்கொத்து அவள் இடுப்பில். பெட்டிக்குள் அவள் காகிதம். மகன் எஜமானோடு போயிருக்கிறான், அதாவது பிணையாக. எதிர் வீட்டில் யாரோ தண்ணீர் கேட்டுக் கத்துகிறார்கள். இப்போது அவளுக்கு முன்னால் மூன்று கதவுகள் இருக்கின்றன. எதைத் திறந்தாலும் மற்ற இரண்டுக்கும் விலை கொடுக்க வேண்டும்.

படி 6: கருணையைக் கணக்குப் புத்தகத்தில் எழுதுங்கள்

கருணை என்றவுடன் நம் பேனா இளகி, உரைநடை பிசுபிசுத்துவிடும். அதற்கு நான் கண்ட மருந்து கணக்கு. 1794 ஜனவரியில் ஜோன்ஸும் ஆலனும் வெளியிட்ட சிறு நூலில் வரவு செலவே போட்டிருக்கிறார்கள். சவ அடக்கத்துக்காக வந்தது 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ் (பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்). சவப்பெட்டிக்கு 33 பவுண்டு. கூலிக்கு ஐந்து ஆட்கள், மூன்று பேர் 70 நாள், இரண்டு பேர் 63 நாள், தினம் 22 ஷில்லிங் 6 பென்ஸ், மொத்தம் 378 பவுண்டு. கைநட்டம் 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ். அன்றைய பென்சில்வேனியா கணக்கில் ஒரு டாலர் ஏழரை ஷில்லிங், ஆக ஆளுக்குத் தினக்கூலி மூன்று டாலர். எண்ணூறு பேருக்கு மேல் ரத்தம் எடுத்தோம், அதற்கு ஒன்றரை டாலர்கூடக் கிடைக்கவில்லை என்றும் எழுதுகிறார்கள். எனக்கு எந்த வர்ணனையையும்விட அந்த 8 பென்ஸ்தான் தொண்டையை அடைத்தது.

அதே நூலில் சின்னச் சின்ன மனிதர்கள் வருகிறார்கள். ஓர் இளம்பெண் பெரிய கூலியை மறுக்கிறாள்: காசுக்குப் போனால் கடவுள் பார்த்துக்கொண்டிருப்பார், எனக்கும் நோய் வரும், காசில்லாமல் போனால் ஒருவேளை விட்டுவிடுவார் என்பது அவள் வாதம். இது தியாகம் மட்டுமில்லை, பயமும் பேரமும் கலந்தது. அதனால்தான் நம்ப முடிகிறது. ஒரு வெள்ளையர், என் வீட்டைத் தாண்டிப் பிணத்தைக் கொண்டுபோனால் சுட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறார். மூன்று நாள் கழித்து அவரையே இவர்கள்தான் புதைக்கிறார்கள். அந்த வரியை நூல் சும்மா சொல்லிவிட்டு நகர்கிறது. நாமும் அப்படியே நகர வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடிமை ஒருத்தி எஜமானியைப் பிழைக்க வைத்தாள், ஆகவே எஜமானி நல்லவளாக மாறினாள் என்று கதையை வளைத்தால், அவள் கருணை வேறு யாருக்கோ கொடுத்த நற்சான்றிதழாகிவிடும். டைனாவுக்குக் கோபம் இருக்கட்டும். போர்வையை மாற்றிக்கொண்டே, மகனை எங்கே வைத்திருக்கிறாய் என்று அவள் கேட்கட்டும்.

படி 7: ‘நீ’யும் ‘நீங்க’ளும்

தமிழில் இந்தக் கதை எழுதுவதில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அந்த ஊர் ஆங்கிலத்தில் பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவாக ஓடிய ‘you’ என்ற முன்னிலைச் சொல்லை, நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். எஜமானின் எட்டு வயது மகன் சொல்கிறான்:

“டைனா, தண்ணி கொண்டா.”

“இதோ சின்ன ஐயா.”

மூன்று வாரம் கழித்து, வேலைக்காரர்கள் எல்லோரும் ஓடிப்போன எதிர் வீட்டில், காய்ச்சலில் கிடக்கும் அம்மாள் இரவில் சொல்கிறாள்:

“நீங்க... ஏதாவது சாப்பிட்டீங்களா?”

டைனா பதில் சொல்லவில்லை. யாரையோ கேட்கிறாள் என்று நினைத்துத் திரும்பி வாசலைப் பார்த்தாள்.

சரி, இதில் உருகிவிட வேண்டாம். அந்த அம்மாள் பிழைத்து எழுந்த மறுநாள் காலை, “அந்த வாளியை அங்கே வை” என்று சொல்வாள். ‘நீங்க’ எப்போது ‘நீ’யாகத் திரும்புகிறது என்பதை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

அடிமைப் பாத்திரங்களுக்கு மட்டும் கொச்சைத் தமிழ், எஜமானர்களுக்குச் செந்தமிழ் என்று பிரிக்கவே பிரிக்காதீர்கள். நம் ஊர் வட்டாரப் பேச்சு ஒன்றை எடுத்து அவர்கள் வாயில் வைத்தாலும் கேலியாகிவிடும். எல்லோருக்கும் ஒரே எளிய பேச்சுத்தமிழ். வித்தியாசம் விளிச்சொல்லிலும் மௌனத்திலும் இருக்கட்டும்.

படி 8: பனி விழுந்ததோடு கதையை முடிக்காதீர்கள்

நவம்பரில் குளிர் வந்தது, கொசு செத்தது, ஓடியவர்கள் திரும்பினார்கள். பலர் இங்கே முற்றும் போட்டுவிடுவார்கள். உண்மையில் அதற்குப் பிறகுதான் கசப்பான பகுதி. பதிப்பாளர் மேத்யூ கேரி அந்த மாதமே காய்ச்சலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார், அடுத்தடுத்துப் பதிப்புகள் விற்றன. கறுப்பினச் செவிலியரில் சிலர் கொள்ளைக் கூலி கேட்டார்கள், நோயாளிகளின் வீட்டில் திருடினார்கள் என்று அதில் எழுதியிருந்தார். ஜோன்ஸ், ஆலன் போன்ற சிலரை மட்டும் பெயர் சொல்லிப் பாராட்டியிருந்தார். அவர்களின் பதில் நூல் பிறந்தது அதனால்தான். எங்களைப் பெயர் சொல்லிப் புகழ்ந்துவிட்டு மற்றவர்களைப் பெயரில்லாமல் விட்டால் பழி எல்லோர் மேலும் விழும் என்றார்கள். கூலியை ஏற்றியவர்கள் ஒருவருக்கு மேல் ஒருவர் ஏலம் கேட்ட நோயாளி வீட்டார்தான் என்றார்கள். கேரியே நடுவில் ஊரை விட்டுப் போனவர்தானே என்றும் கேட்டார்கள்.

டைனாவின் மேலும் அந்தப் பழி விழட்டும். சாவிக்கொத்தை ஒப்படைக்கும்போது எஜமானர் வெள்ளிக் கரண்டிகளை எண்ணட்டும். எண்ணி முடிக்கும்வரை அவள் நிற்கட்டும். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசிக் காட்சிக்கு நான் எடுத்துக்கொண்டது அந்தச் சிறு நூலில் வரும் ஒரு வயதான கறுப்பினப் பெண்ணை. அவள் கவனித்துப் பிழைக்க வைத்த மனிதர், என்ன கூலி வேண்டும் என்று கேட்கிறார். குளிர்காலத்தில் ஒரு நாள் ஒரு வேளைச் சாப்பாடு போடுங்கள், போதும் என்கிறாள். அவள் அப்புறம் போய்க் கேட்டாளா என்று நூலில் இல்லை. ஜனவரியில் ஒரு நாள் போவதாக எழுதுங்கள். தெருவில் பனி, வாசலில் புது வேலைக்காரப் பெண், உள்ளே இறைச்சி வேகும் வாசனை. கிழவி கதவைத் தட்டுகிறாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு அவள் பெயர் நினைவிருக்கிறதா என்று முடிவு செய்துவிட்டு எழுத உட்காருங்கள்.